ரத்தம் நிற்காது என்று பயந்து இதய மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

புதிதாக கிளினிக் போட்ட பல் மருத்துவர்கள் ஈறு நோய் கேஸ்களை எனக்கு அனுப்புகிறார்கள், சிலர் கூடவே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டும் போகிறார்கள். ஈறு நோயும் இதய நோயும் ஒரே ஆளிடம் இருக்கும்போது அவர்கள் சறுக்கும் இடங்கள் மாறுவதே இல்லை. நாங்கள் படித்து முடித்து வந்த காலத்தில் எங்கள் செட்டும் அங்கேதான் சறுக்கியது. க்ளவுஸ் மாற்று, பி.பி. பார், சர்க்கரை இருக்கிறதா கேள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நோயாளிகளும் படிக்கலாம், ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்தப் பகுதியையாவது கட்டாயம் படியுங்கள்.

"பல் சுத்தம் செய்தால் ஹார்ட் அட்டாக் வராது" என்று சொல்வது

தொடர்பு இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. 1989இல் ஃபின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களின் வாயைச் சோதித்தபோது, மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது தெரிந்தது. அப்புறம் ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் மரபணுத் துணுக்குகள் இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பிலேயே கிடைத்தன. ஆழமான ஈறுப் பைகள் (ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளங்கள்) வாய் முழுக்க இருந்தால், உடம்பில் எப்போதும் ஓர் அழற்சி கனன்றுகொண்டே இருக்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ஏறியிருப்பதில் அது தெரியும். ஆனால் அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு என்ன சொன்னது? புகை மாதிரியான பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. இல்லாத வாக்குறுதியைக் கொடுத்தால், அதை நம்பி நடைப்பயிற்சியையும் மாத்திரையையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளியிடம் தைரியமாக ஒன்று சொல்லலாம்: ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குகிறது. அவருடைய இதயத்துக்கும் அது நல்லதுதானே.

ஸ்டென்ட் வைத்தவரிடம் "அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்பது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பல் எடுக்கவோ, ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்யவோ ஒருவர் வருகிறார், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன் என்கிறார். உடனே சீட்டில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் எப்போது வைத்தது என்ற கேள்வி கிடையாது, இதய மருத்துவருக்கு ஒரு போன் கிடையாது.

அப்படி ஒரு சீட்டோடு என்னிடம் வந்தார் மளிகைக் கடைக்காரர் ஒருவர், அறுபதை நெருங்கியவர். எழுதிக் கொடுத்த இடத்தில் தேதி தள்ளிப் போய்விட்டது, வலி பொறுக்க முடியவில்லை என்று மகன் அழைத்து வந்திருந்தார். மாத்திரை அட்டைகளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை. பி.பி. மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டைகளில் ஆறு ஆறு மீதி இருந்தது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் அட்டைகளில் மட்டும் பத்து. நாலு நாளாக இரண்டையும் தொடவில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "டாக்டர் சொன்னாரேன்னுதாங்க நிறுத்தினேன்" என்றார்.

அவர் எதிரிலேயே இதய மருத்துவரைப் போனில் பிடித்தேன். இப்போதே மாத்திரையைக் கொடுங்கள், ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புங்கள் என்றார். நல்லவேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அடுத்த வாரம், காலையில் இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டு வந்தவருக்குத்தான் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கடைவாய்ப்பல்லை எடுத்தேன். குழிக்குள் ஜெலட்டின் பஞ்சு வைத்து, மேலே இரண்டு தையல் போட்டு, காஸ் துணியைக் கடித்தபடி அரை மணி நேரம் உட்கார வைத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கசிந்தது, நின்றது, வீட்டுக்குப் போனார்.

ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்சவ்வு படர்ந்து மூட வேண்டும், மருந்து பூசியதில் அது இன்னும் மெதுவாக நடக்கும். மூடாத உலோகத்தில் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அந்த இரண்டு மாத்திரைகள்தான். உறைந்துவிட்டால் குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், பெரிய மாரடைப்பு வரும், பலர் பிழைப்பதில்லை. ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, வேலை செய்யாது. புதுத் தட்டணுக்கள் வரட்டும் என்று "அஞ்சு நாள்" நிறுத்தச் சொல்வதெல்லாம் பழைய பழக்கம். 2007இலேயே அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து, பல் வேலைக்காக இந்த மாத்திரைகளை இடையில் நிறுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டன. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சீட்டு வந்துகொண்டே இருக்கிறது. வாயில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், விரல் வைத்து அழுத்தலாம், தைக்கலாம். இதயக் குழாய்க்குள் உறைவதை நம் நாற்காலியில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலை நேரத்தில், முடிந்தால் வாரத் தொடக்கத்தில் வரச் சொல்லுங்கள், ராத்திரி கசிந்தாலும் மறுநாள் நீங்கள் கிளினிக்கில் இருப்பீர்கள். ஒரே நாளில் வாய் முழுக்கக் கை வைக்காமல் ஒரு பகுதியை முடித்து, கசிவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸ் கைவசம் இருக்கட்டும். வலிக்கு பாராசிட்டமால் எழுதுங்கள், ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆகியிருந்து, பல் வேலை அவசரமில்லை என்றால் தள்ளிப் போடுங்கள்.

நோயாளிகளே, யார் நிறுத்தச் சொன்னாலும், நானே சொன்னாலும், உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இதய நோய் என்றாலே ஆன்டிபயாடிக்

ஸ்டென்ட், பைபாஸ், பி.பி. இதற்கெல்லாம் பல் வேலைக்கு முன்பு தடுப்பு ஆன்டிபயாடிக் தேவையில்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், இதய உள்சவ்வில் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் குறைகள் உள்ளவர்கள், மாற்று இதயம் பொருத்தி வால்வு பழுதானவர்கள் – அமெரிக்க இதயச் சங்கத்தின் பட்டியல் அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்சிசிலின், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன், ஒரே வேளை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு கிளிண்டாமைசின் எழுதும் பழக்கம் இருந்தால் விடுங்கள், 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். வால்வு நோயாளிக்கு இதைவிட முக்கியம் ஈறு எப்போதும் ஆரோக்கியமாக இருப்பது. புண்ணான ஈறு இருந்தால், தினம் பல் தேய்க்கும்போதும் மெல்லும்போதுமே பாக்டீரியா ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும்.

அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல்

வேண்டாம். ரத்தம் உறைவதைக் குறைக்கும் அந்த மாத்திரைகளின் வேலையை இந்த ஆன்டிபயாடிக் கூட்டிவிடும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) எகிறிவிடும்.

"ரத்தம் வரவில்லை, ஈறு நன்றாக இருக்கிறது"

புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. அளவுகோல் முனையை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லையும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் எழுதி வையுங்கள்.

எல்லாத் தாடை வலியும் பல் வலி என்று நினைப்பது

நடந்தால் வந்து, நின்றால் போகிற தாடை வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம், அதற்குப் பல் எக்ஸ்ரே எடுக்காதீர்கள். ஈ.சி.ஜி.க்கு அனுப்புங்கள்.

ஈறு தடிப்பைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பது

பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்கு, முன்பற்களின் நடுவே ஈறு தடித்துப் பல் மேல் ஏறும். அழுக்கு சேரச் சேரத் தடிப்பு கூடும், அதனால் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் அதோடு விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வந்து நிற்பார். மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அம்லோடிபின் இருந்தால், அதை எழுதிய மருத்துவருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள், மாற்றுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.