உள்ளூர் மன்றங்கள் சேர்ந்து நடத்தும் காப்புறுதிக் கூட்டு நிதி: தொடங்குவது எப்படி?

சீட்டுப் போடுவது நமக்குப் புதிதல்ல. இருபது பேர் மாதம் நூறு வெள்ளி போட்டால், ஒவ்வொருவர் கைக்கும் ஒரு முறை மொத்தப் பணம் வந்துவிடும். பல மன்றங்கள் பணம் போட்டு, விபத்து இழப்புகளைச் சேர்ந்து தாங்கும் காப்புறுதிக் கூட்டு நிதியும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இதில் முறை வைத்துப் பணம் வராது. யாருக்கு அடி விழுகிறதோ அவருக்குத்தான். ஒருவருக்கே இரண்டு முறை விழுந்தாலும் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் மறுகாப்புறுதித் துறையில், அதாவது காப்புறுதி கொடுப்பவர்களுக்கே காப்புறுதி கொடுக்கும் தொழிலில், வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு உள்ளாட்சிகள் நடத்தும் இத்தகைய நிதிகளின் கணக்குகள் என் மேசைக்கு வருவதுண்டு. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள், "அக்கா, பேசாம ஒரு கம்பெனியில பாலிசி எடுத்துட்டுப் போகலாமே?" என்று கேட்பார்கள். எடுக்கலாம், கம்பெனி கொடுக்கும்வரை. 1980களின் நடுவில் அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் நகரங்களுக்கான பொறுப்புக் காப்புறுதிக்கு (பிறருக்கு நேரும் காயம், சேதத்துக்கு நகரம் தரவேண்டிய இழப்பீட்டுக்கான காப்புறுதி) சந்தாவைத் தாறுமாறாக ஏற்றின. சில நிறுவனங்கள் கையை விரித்தே விட்டன. அங்கே கூட்டு நிதிகள் பெருகியது அந்த நெருக்கடியில்தான்.

நமக்குப் பழகிய இடத்தை வைத்தே பார்ப்போம். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கீழ்த்தளம், நடைபாதை, மின்தூக்கி போன்ற பொது இடங்களைப் பராமரிப்பவை நகர மன்றங்கள். பத்து மன்றங்கள் ஒரு நிதி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை.

முதல் படி: பழைய கணக்கு

ஒவ்வொரு மன்றத்திடமும் குறைந்தது ஐந்து ஆண்டு இழப்புக் கணக்கை வாங்குங்கள். பத்து ஆண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கொடுத்து முடித்த தொகை, இன்னும் தீராத வழக்கு, இரண்டும் வேண்டும். கணக்குக் கொடுக்கத் தயங்கும் மன்றத்தைச் சேர்க்காதீர்கள். இதில் தாட்சண்யமே கூடாது.

இரண்டாம் படி: யார் எதுவரை தாங்குவது

ஒரு விபத்தில் முதல் 5,000 வெள்ளியை அந்த மன்றமே தன் கையிலிருந்து கொடுக்கட்டும். கைப்பணம் போகிறது என்றால்தான் வழுக்கும் தரையைச் சீக்கிரம் சரிசெய்வார்கள். அதற்குமேல் 250,000 வெள்ளிவரை நிதி தாங்கும். அதையும் தாண்டினால் மறுகாப்புறுதி. மறுகாப்புறுதி இல்லாமல் ஒரு நாள்கூட நிதியை நடத்தாதீர்கள். முதல் வாரத்திலேயே பெரிய தீ விபத்து நடக்கக்கூடும்.

மூன்றாம் படி: பங்குத்தொகை

நிதி தாங்கவேண்டிய இழப்பு ஆண்டுக்குச் சராசரியாக 600,000 வெள்ளி என்று ஆக்சுவரி, அதாவது இழப்புகளைக் கணிக்கும் கணக்கு நிபுணர், சொல்கிறார். மறுகாப்புறுதிக்கு 250,000, நிர்வாகத்துக்கு 100,000, மோசமான ஆண்டுக்கென்று 150,000. ஆக 1,100,000. மொத்த வீடுகளில் பத்து விழுக்காடு வைத்திருக்கும் மன்றத்துக்கு அடிப்படைப் பங்கு 110,000. அதன் பழைய இழப்பு சராசரியைவிட 20 விழுக்காடு அதிகமென்றால், அதில் பாதியை மட்டும் ஏற்றி 121,000 வாங்கலாம். முழுவதையும் ஏற்றினால் ஒரே ஒரு கெட்ட ஆண்டு சிறிய மன்றத்தை முடக்கிவிடும். ஏற்றவே இல்லையென்றால் கவனமாக இருப்பவர்கள் விலகிவிடுவார்கள்.

நான்காம் படி: ஒப்பந்தம்

பலர் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நிதியில் பணம் தீர்ந்துபோனால் உறுப்பினர்கள் இன்னும் எவ்வளவு தரவேண்டும், விலகிப்போன மன்றமும் தரவேண்டுமா என்பதை முதல் வெள்ளி வாங்கும் முன்பே எழுதி வையுங்கள்.

பிரிட்டனில் 1903-இல் உள்ளாட்சிகளுக்காகத் தொடங்கப்பட்டது மியூனிசிபல் மியூச்சுவல் இன்சூரன்ஸ். அந்நாட்டு மன்றங்களில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் இருந்தன. 1992-இல் அது புதிய காப்புறுதி எழுதுவதை நிறுத்தியது. கதை அதோடு முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த ஊழியர்களுக்கு நோய் பிறகுதான் தெரியவந்தது. கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 2012-இல் இருப்பு போதாது என்றானது. ஏற்கெனவே பெற்ற இழப்பீட்டில் முதலில் 15 விழுக்காட்டையும், பிறகு மொத்தம் 25 விழுக்காட்டையும் மன்றங்கள் திருப்பிக் கட்ட நேர்ந்தது. அப்படித் திருப்பிக் கேட்க இடம் தந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அப்போது பதவியில் இருந்திருப்பார்கள்?

ஐந்தாம் படி: உரிமம்

காப்புறுதி நடத்த இங்கே 1966-ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்கீழ் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். வழக்கறிஞரிடம் பேசாமல் பங்குத்தொகை வசூலிக்காதீர்கள்.

ஆறாம் படி: அன்றாட நடத்தை

ஒரு வெளிநாட்டுக் கோப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஈரத் தரையில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தரை துடைத்ததற்கான பதிவுத்தாளை மன்றம் அனுப்பியிருந்தது. முப்பது நாள், முப்பது கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் போட்டது என்று பார்த்தவுடன் தெரிந்தது. உண்மையிலேயே அன்று எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தாலும் அந்தத் தாளை வைத்து வாதாட முடியாது. பணம் கொடுத்தோம். ஆகவே நிதியின் செலவில் ஒருவரை நியமியுங்கள். அவர் மன்றம் மன்றமாகப் போய்ப் பதிவேடுகளைப் பார்க்கட்டும். துப்புரவு ஊழியர்களிடம் உட்கார்ந்து பேசட்டும். விபத்து நடந்தால் அன்றே கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும்.

அப்புறம் உபரி. முதல் ஆண்டு முடிவில் வங்கியில் பணம் நிறைய இருக்கும், பிரித்துக்கொள்ளலாமா என்ற பேச்சும் வரும். விபத்து நடந்திருக்கும், ஆனால் செய்தி நம் காதுக்கு இன்னும் வந்திருக்காது. இதைத்தான் எங்கள் தொழிலில் ஐபிஎன்ஆர் (IBNR, incurred but not reported) என்கிறோம். சிங்கப்பூரில் உடற்காயத்துக்கு வழக்குத் தொடர பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த மூன்று ஆண்டும் கழிந்து, ஆக்சுவரி மறுபடி கணக்குப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அந்த முதல் ஆண்டின் உபரியைப் பற்றி மட்டும் கூட்டத்தில் பேசுங்கள்.