பழைய வயலட் ரே பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1910-களிலும் 1920-களிலும் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற 'வயலட் ரே' மின்சிகிச்சைப் பெட்டிகள் இன்னும் ஏலத் தளங்களில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஒரு கறுப்புக் கைப்பிடி, அதில் செருகித் தோலில் வைக்கும் கண்ணாடிக் குழாய்கள், துணி உறை போட்ட வயர். நம்மூர் பியூட்டி பார்லர்களில் இருக்கும் ஹை ஃப்ரீக்வென்சி மெஷினும் இதே வம்சம்தான். இவற்றை வாங்குபவர்களும் பழுது பார்ப்பவர்களும் செய்யும் தவறுகளில் சில காசோடு போகும், சில உயிருக்கே உலை வைக்கும்.

காசோடு போகிற தவறு, காப்புரிமை எண்ணைப் பார்த்ததும் 'அரசே ஒப்புக்கொண்ட மருத்துவக் கருவி' என்று நம்புவது. காப்புரிமை, ஓர் அமைப்பு புதியது என்பதற்குத்தான் சாட்சி. அதனால் நோய் தீருமா என்பதை அது சோதிப்பதில்லை. எண்ணை இணையத்தில் தேடி எடுத்து, கடைசியில் வரிசை எண் போட்டிருக்கும் உரிமைக்கோரல்களைப் படியுங்கள். அங்கே சுருள், கைப்பிடி, அதிர்வுத் தொடர்பு (அதிர்ந்து அதிர்ந்து மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் சுவிட்ச்) ஆகியவற்றின் அமைப்பு இருக்கும். பெட்டியோடு வந்த கையேட்டில் வழுக்கை முதல் வாதம் வரை நீளும் நோய்ப் பட்டியல் விற்றவர் எழுதியது. அந்தப் பட்டியலுக்கு ஆதாரம் இல்லை. 1951-ல் அமெரிக்க அரசு இந்தக் கருவியைத் தயாரித்துவந்த நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது.

எண்ணைக் கொண்டு வயதையும் ஓரளவு கணிக்கலாம். அமெரிக்கக் காப்புரிமை 10 லட்சத்தைத் தொட்டது 1911 ஆகஸ்டில். ஏழு இலக்க எண் பொறித்த பெட்டியை '1900-ம் வருட மாடல்' என்று விற்றால் நம்பாதீர்கள்.

'டெஸ்லாவே செய்த மருத்துவக் கருவி' என்று மின்பொறியாளர் நிகோலா டெஸ்லாவின் பெயரில் வரும் விளம்பரமும் அப்படித்தான். மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் உயர் அதிர்வெண் சுருளுக்கு (டெஸ்லா சுருள்) வழிவகுத்த டெஸ்லாவின் 454,622 எண் காப்புரிமை (1891) மின்விளக்குக்கானது. 568,177 (1896) ஓசோன் தயாரிக்கும் கருவிக்கானது. 1898-ல் மின்சிகிச்சை மருத்துவர்களின் கூட்டத்துக்கு அவர் ஒரு கட்டுரை அளித்தது உண்மை. ஆனால் கடையில் விற்ற பெட்டிகள் அவர் சுருளின் தத்துவத்தை எடுத்துக்கொண்டு பிறர் செய்தவை. பிரான்ஸின் பால் ஊதின் வடிவமைத்த சுருளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஊதா வெளிச்சத்தைப் புற ஊதாக் கதிர் என்று எண்ணுவதும் தவறு. குழாயில் காற்றை உறிஞ்சி எடுத்தபின் மிஞ்சியிருக்கும் சொற்ப வாயு மின்னழுத்தத்தில் ஒளிர்கிறது. நியான் அடைத்தால் அதே கருவி ஆரஞ்சு நிறம் காட்டும். கிருமியைக் கொல்லும் குறுகிய அலைநீளப் புற ஊதாவைச் சாதாரணக் கண்ணாடி வெளியே விடாது.

இனி உயிர்ச் சமாச்சாரம். அமெரிக்கப் பெட்டி 110 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் அதிர்வுத் தொடர்பின் காந்தச் சுருள் சூடேறும், நூறு வருடப் பழைய காகிதக் கப்பாசிட்டர் (மின்தேக்கி) துளைபட்டு ஷார்ட் ஆகும். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல மாடல்களில் டெஸ்லா சுருளின் இரண்டாம் சுற்றுடைய கீழ்முனை முதல் சுற்றோடு இணைந்திருக்கும். அதாவது வீட்டு மின்சாரத்துக்கும் கையில் பிடிக்கும் முனைக்கும் நடுவே தடுப்பாக நிற்பது பெரும்பாலும் அந்தக் கப்பாசிட்டர் ஒன்றுதான். கண்ணாடிக் குழாய் உடையாத வரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தடுக்கும். சில பெட்டிகளில் கையால் பற்றிக்கொள்ள ஓர் உலோகக் குழாயும் வரும். கப்பாசிட்டர் போன பெட்டியில் அதைப் பிடிப்பது லைன் வயரைப் பிடிப்பதுதான். உலோக முனையை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

'வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே' என்பதும் போதாது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்கள். வோல்ட் குறையும், லைனோடு தொடர்பு அறுபடாது. இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள 230:110 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 100 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) திறன் போதும். பிளக்கைக் கழற்றிய நிலையில், உள்ளே போகும் முனைக்கும் வெளியே வரும் முனைக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் தொடர்பு காட்டினால் அது ஆட்டோ வகை. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட்.

அதற்கு முன்பே துணி வயரை மாற்றிவிடவேண்டும், உள்ளிருக்கும் ரப்பர் தொட்டாலே உதிரும். கப்பாசிட்டரையும் மாற்றுங்கள். மீட்டர் காட்டும் மதிப்பை அப்படியே நம்பி வாங்காதீர்கள்: மின்கசிவுள்ள பழைய காகிதக் கப்பாசிட்டர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். உறையில் அச்சான மதிப்பைப் பின்பற்றி, உயர் வோல்ட் துடிப்பைத் தாங்கும் பாலிபுரொப்பிலீன் வகையாகப் போடுங்கள். அதிர்வுத் தொடர்பின் முனைகளை எமரித் தாளால் தேய்க்க வேண்டாம், துகள் பதிந்துவிடும். மெல்லிய காண்டாக்ட் அரம் போதும். முனைகள் ஒட்டிக்கொண்டால் ரீங்காரம் நின்றுபோய்க் கைப்பிடி சூடாகும். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

பார்லர் மெஷினில் நடக்கும் மோசமான தவறு, ஸ்பிரிட் கலந்த டோனர் தடவிய முகத்தில் குழாயை வைப்பது. தோலிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே பொறி தாவும், ஆவி பற்றிக்கொள்ளும். மூக்குத்தி, கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் முதலில் கழற்றச் சொல்லுங்கள். குழாயைத் தோலில் வைத்தபிறகே சக்தியைக் கூட்டவேண்டும், குறைத்து அணைத்தபிறகே எடுக்கவேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது. ஓசோன் வாடை நுரையீரலை எரிச்சலூட்டும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

குழாயைத் தண்ணீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ கழுவினால் அடியில் உலோக மூடியைப் பிடித்திருக்கும் சிமென்ட் இளகிவிடும். ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டால் போதும். ஒளிராத குழாய்க்குள் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கும், மூடியை ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை. அடுத்தவர் கைக்குப் போகாதபடி அந்தக் குழாயைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.