புரோபைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

செல்லுக்குள் ஒரு டிஎன்ஏவைத் தேட அடையாளம் போட்ட டிஎன்ஏ துண்டு ஒன்றை விடுகிறோம், அதுதான் புரோப். ஸ்லைடில் ஒன்றுமே ஒளிரவில்லை என்றால் எல்லாரும் முதலில் சொல்வது “புரோப் சரியில்லை” என்பதுதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் பாலக்காட்டில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போன முதல் வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் கோளாறு புரோபில் இருக்காது, அதற்கு முன்னாலும் பின்னாலும் நம் கை செய்த வேலையில்தான் இருக்கும்.

செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுக்காமல், அது இருக்கிற இடத்திலேயே வைத்துத் தேடுவதுதான் இன் சிட்டு ஹைபிரிடைசேஷன். இரட்டை இழையைச் சூட்டில் பிரித்துவிட்டு, அடையாளம் போட்ட ஒற்றை இழையை, அதாவது புரோபை, உள்ளே விட்டால் அது தன் ஜோடியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். 1969இல் ஜோசப் காலும் மேரி லூ பார்டியூவும் ஜீனோபஸ் தவளையின் முட்டைச் செல்களில் இதைச் செய்தபோது அடையாளம் கதிரியக்கம். இப்போது ஒளிரும் சாயம், அதனால் ஃப்ளூரசன்ஸ் இன் சிட்டு ஹைபிரிடைசேஷன், சுருக்கமாக ஃபிஷ் என்கிறோம்.

முதலில் காற்றைக் கவனியுங்கள். மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு அசெட்டிக் அமிலத்தில் பதப்படுத்திய செல்களை ஸ்லைடில் சொட்டுகிறோம் இல்லையா, அந்தச் சொட்டு காய்கிற வேகத்தில்தான் குரோமோசோம்கள் விரியும். கார்த்திகை, மார்கழியில் வாளையார் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று வீசும், விருச்சிகக் காற்று என்பார்கள் இங்கே. அப்போது சொட்டு விரிவதற்குள்ளேயே காய்ந்து, குரோமோசோம்கள் நூல்கண்டு மாதிரி ஒரே முடிச்சாகக் கிடக்கும். இடவப்பாதி மழையில் நேர் எதிர்: காயவே காயாது, குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி, 46 இருக்க வேண்டிய இடத்தில் 41தான் தேறும். அதே ஆள், அதே பாட்டில், ஆறு மாத இடைவெளியில் இரண்டு விதமான ஸ்லைடு! சுவரில் ஒரு ஈரப்பதமானி மாட்டி வையுங்கள், 50% அக்கம்பக்கம் இருந்தால் நல்லது. வறண்ட நாளில் ஸ்லைடின் மேல் மெல்ல வாயால் ஊதினாலே வித்தியாசம் தெரியும். புரோப் விடுவதற்கு முன்னால் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், முடிச்சாகக் கிடக்கிற ஸ்லைடில் விலை உயர்ந்த புரோபைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. பதப்படுத்தும் கரைசலை அன்றன்றைக்கே கலக்கவும், நேற்றையது வேண்டாம்.

அப்புறம் சூடு. வாட்டர் பாத்தின் திரையில் 73 என்று காட்டுவதை நம்பி ஸ்லைடைப் போடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே இருக்கும் ஜாடிக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும், குளிர்ந்த ஸ்லைடு ஒவ்வொன்றும் இன்னும் சுமார் ஒரு டிகிரியைக் குறைக்கும். டிஎன்ஏ முழுசாகப் பிரியாவிட்டால் புரோப் எங்கே போய் ஒட்டும்? அதே சமயம் அதிக நேரம் விட்டால் குரோமோசோம் ஊதிப்போய் உருவமே கெட்டுவிடும். இழைகள் பிரிய உதவும் 70% ஃபார்மமைடு கரைசலில் 5 நிமிஷம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிஷம்தான். ஃபார்மமைடு கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடியது, கையுறையும் புகைபோக்கி அலமாரியும் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

கழுவும்போது நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள், உப்பு கூடினால் நன்றாகக் கழுவும் என்று. இல்லை. டிஎன்ஏ இழைகள் இரண்டுமே ஒரே மாதிரி நெகட்டிவ் மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும், நடுவில் உப்பு இருந்துதான் அவற்றை அணைத்து வைக்கிறது. உப்பைக் குறைத்துச் சூட்டைக் கூட்டினால்தான் அரைகுறையாக ஒட்டியது கழன்று போகும். அதனால்தான் முதல் கழுவல் 73 டிகிரியில் 0.4 மடங்கு எஸ்எஸ்சி என்ற உப்புக் கரைசல், அதுவும் 2 நிமிஷம். அதை விட்டுவிட்டு 2 மடங்கில் மட்டும் அலசினால் ஸ்லைடு முழுக்கக் கோலமாவு தூவியது போலப் புள்ளிகள் நிற்கும். அதைப் பார்த்து புரோபைக் கூட்டுவது இன்னும் மோசம். கவர்ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்தாலும், புரோப் ஒட்டுவதற்காக ராத்திரி முழுக்க விட்டிருக்கும்போது ஓரம் காய்ந்துபோனாலும் இதே தொல்லைதான், ரப்பர் சிமென்டை ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் பூசுங்கள்.

ஆர்என்ஏவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்என்ஏவைத் தின்னும் நொதி நம் கை வியர்வையிலேயே இருக்கிறது, ஆட்டோகிளேவில் வைத்தாலும் முழுசாகப் போகாது.

எண்ணுவதில்தான் எனக்கு மிகவும் கவலை. மார்பகக் கட்டியில் ஹெர்2 என்ற மரபணுவைப் பார்க்கும்போது, திசுவை 4, 5 மைக்ரான் கனத்தில் வெட்டுவதால் பல செல்கருக்கள் பாதியாகத்தான் கிடைக்கும், ஒரு புள்ளி குறைவது அதனாலும் இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் செல்களை விட்டுவிட்டு, குறைந்தது 20 கருக்களைப் பொறுமையாக எண்ணுங்கள். ஹெர்2 புள்ளிகளுக்கும் 17ஆம் குரோமோசோம் புள்ளிகளுக்கும் உள்ள விகிதம் 2.0ஐத் தொடுகிறதா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் யாரோ ஒரு அக்காவுக்கு என்ன மருந்து என்று முடிவாகிறது. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு மேலாகவோ கிடந்த திசு என்றால் எண்ணுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு சாதாரண ரத்த ஸ்லைடையும் சேர்த்தே ஓட்டுங்கள். அதில் செல்லுக்கு இரண்டு புள்ளி தெளிவாக வந்து, உங்கள் மாதிரியில் மட்டும் வரவில்லை என்றால் புரோப் நல்ல புரோப்தான், மாதிரியைப் பதப்படுத்திய இடத்திலிருந்து திரும்பப் பாருங்கள்.