ரெண்டு ஆரஞ்சு காளான், எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி

ஐரோப்பா காட்டுல இலையுதிர் காலத்துல ஆரஞ்சு கலர்ல பால் வடியுற காளான் ரெண்டு வரும், லாக்டேரியஸ் டெலிசியோசஸ், லாக்டேரியஸ் டெட்டெரிமஸ், மேலாப்பல பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரியே இருக்கும். முதல்ல தலையத் தூக்கி மேல பாருங்க, பைன் மரம்னா டெலிசியோசஸ், ஸ்ப்ரூஸ்னா (பைன் மாதிரியே ஊசி இலை இருக்க இன்னொரு மரம்) டெட்டெரிமஸ், ஏன்னா ரெண்டும் அந்தந்த மரத்தோட வேரைப் பிடிச்சுதான் வளரும். ரெண்டு மரமும் கலந்து நிக்குற இடம்னா காளான் குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்க செவுளை நகத்தால லேசா கீறிட்டு ஒரு அரைமணி நேரம் பொறுங்க, கேரட் கலர்ல வர்ற பால் அப்படியே இருந்தா டெலிசியோசஸ், ஒயின் சிவப்பா மாறிடுச்சுன்னா டெட்டெரிமஸ். தண்டையும் பாருங்க, டெலிசியோசஸ்ல அம்மைத் தழும்பு மாதிரி ஆரஞ்சு குழி குழியா இருக்கும், மத்ததுல பெரும்பாலும் இருக்காது. பழசானா ரெண்டுமே பச்சை பூத்துடும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

ரெண்டையுமே சமைச்சு சாப்பிடுறாங்க, ருசி டெலிசியோசஸ்லதான், இன்னொன்னு லேசா கசக்கும், அதோட பேருக்கே லத்தீன்ல 'ரொம்ப மோசம்'னு அர்த்தம். ஆனா காளான் தெரிஞ்ச ஆள்கிட்ட நேர்ல காட்டாம தயவுசெஞ்சு வாயில வைக்காதீங்க.