ஏர்பேக், ஏபிஎஸ் வயரிங்: கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகமாக உள்ள கார்கள் ஏராளம். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்துபோக, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கிறது. பேட்டரி இறங்கிவிடுகிறது, எலி குடியேறுகிறது, மழைக்கால ஈரம் கனெக்டருக்குள் தங்கிவிடுகிறது. வீட்டார் வந்து சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கோ, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கோ அணையாமல் எரிந்தால், சென்சார் போய்விட்டது என்ற தீர்ப்புதான் முதலில் வருகிறது. அந்தத் தீர்ப்பை நம்பிப் புதுச் சென்சார் வாங்கி மாட்டிய பிறகும் விளக்கு எரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாகிவிட்டதால், சிறிய வண்டியிலும் இந்த வயரிங் உண்டு.

வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவி காட்டும் கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை (code), பழுதான பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது முதல் தவறு. C0035 என்று வந்தால் இடது முன்சக்கர வேகச் சென்சாரின் சுற்றில் கோளாறு என்றுதான் பொருள். அந்தச் சுற்றில் சென்சாரோடு இரண்டு வயர், கனெக்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அடக்கம். நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரி மின்னழுத்தம் குறைந்திருப்பதாலேயே பொய்க் கோடுகள் பதிவாவது உண்டு. ஆகவே கோடுகளை எழுதி வைத்துக்கொண்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, அழித்த பின் எது திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டே கருவியைத் தொட வேண்டும்.

மல்டிமீட்டர் 'பீப்' அடித்துவிட்டால் வயர் நல்லது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. எலி கடித்து ஓர் இழை மட்டும் மிஞ்சிய வயரிலும் மீட்டர் கத்தும். ஏபிஎஸ் வயரின் இரு முனைகளையும் சென்சாரிலிருந்தும் பெட்டியிலிருந்தும் கழற்றிவிட்டு, இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை அதன் வழியாக எரியவிட்டால் மங்கல் தெரிந்துவிடும். சக்கரத்துக்கு அருகே ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளையும் இடத்தில், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். எனவே ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, வயரை அசைத்தபடியே சோதிக்க வேண்டும். உறையைச் சற்றுக் கீறிப் பார்த்தால் செம்பு பச்சைக் களிம்பேறி, விரலில் பொடியாக உதிர்வதும் உண்டு. அந்தத் துண்டை நல்ல செம்பு வரும்வரை வெட்டி நீக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கே விளக்கு திரும்ப எரியும்.

கனெக்டர் பின்களை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள், அரிமானத்தைத் தடுக்கவே பூசியிருக்கும் மெல்லிய முலாத்தைத்தான் தேய்த்தெடுக்கிறார்கள். அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். அரிமானத்தையே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியிலாவது இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பது என் ஆசை.

ஏர்பேக் வயரிங்கை மற்ற வயரிங்போல எண்ணிக் கைவைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் அதற்கான எச்சரிக்கை. மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் நிலையில் வைத்து ஏர்பேக்கின் முனைகளை நேரடியாக அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே உள்ளிருக்கும் வெடித்திரியைத் தூண்டிவிடலாம். டெஸ்ட் லாம்பு, பல்புச் சோதனை எதுவும் இங்கே ஆகாது. பேட்டரியின் மைனஸைக் கழற்றிய உடனே வேலையைத் தொடங்குவதும் தவறு. விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும்; அது வடிய, வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஏர்பேக்கைக் கழற்றி, அதன் இடத்தில் கையேடு குறிப்பிடும் மதிப்புள்ள, பொதுவாக 2 ஓம் அளவிலான, ரெசிஸ்டரை மாட்டி ஸ்கேனரில் பார்ப்பதே சரியான வழி. கோடு போய்விட்டால் சந்தேகம் ஏர்பேக்கின் மேல். போகவில்லையென்றால் வயரின் மேல்.

கழற்றிய மஞ்சள் கனெக்டரில் இரண்டு பின்களும் ஒன்றோடொன்று ஷார்ட்டாக இருப்பதைக் கண்டு வயரே ஷார்ட் என்று சொல்பவர்களும் உண்டு. நிலைமின்சாரத்தால் ஏர்பேக் விரியாதிருக்க, கழற்றியதும் இரு முனைகளையும் இணைக்கும் தகடு பல கனெக்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் ஸ்டியரிங் பட்டன்களும் சேர்ந்து செயலிழந்தால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சீட்டை நகர்த்தும்போது விளக்கு எரிந்தால், சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரைக் குனிந்து பார்க்க வேண்டும். சீட் கவர் தைக்கச் சீட்டைக் கழற்றியவர்கள் அதைப் பாதி மட்டும் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சக்கரச் சென்சாரில் இரண்டு வகை உண்டு. பழைய காந்தச்சுருள் வகையை ஓமில் அளக்கலாம். புதிய வகைக்குள் சிறு மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் அளவு எதையும் சொல்லாது. அதற்கு வரும் மின்னழுத்தத்தையும் சக்கரம் சுற்றும்போது மாறும் சிக்னலையும்தான் பார்க்க வேண்டும்.

கோளாறு பிடிபடாதபோது எச்சரிக்கை விளக்கின் பல்பையே கழற்றுவதோ, சோதனைக்கு மாட்டிய ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிடுவதோ மன்னிக்க முடியாத செயல். அந்த வண்டியில் அமர்பவர் ஏர்பேக் இருப்பதாக நம்பித்தான் அமர்கிறார். பழைய வண்டி வாங்குபவர் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்று பார்க்கட்டும். எரியவே இல்லையென்றால், விலை பேசுவதற்கு முன்பே வண்டியை ஸ்கேனரில் காட்டிவிட வேண்டும்.