குழந்தைங்க ப்ரோக்ராம்ல தாய்ப்பால் குடுக்குற சீன் வந்தா ரிமோட்ட தேடாம எப்படி கூட உக்காந்து பாக்குறது

ரெண்டாவது பையன் பொறந்தப்போ என் மூத்த பொண்ணுக்கு நாலு வயசு. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள், நான் பால் குடுத்துட்டு இருக்கேன், அவ கட்டில் ஓரத்துல வந்து நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு “அம்மா, பாப்பாவுக்கு பாட்டில் எங்க”ன்னு கேட்டா. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே மடியில ரெண்டு வயசு வரைக்கும் குடிச்ச பொண்ணு அவ, ஆனா அவளுக்கு அது ஞாபகம் இல்ல, ஞாபகத்துல இருக்குறதெல்லாம் டிவியும் போனும்தான், அதுல பாப்பான்னு ஒண்ணு வந்தாலே வாயில பாட்டில் இருக்கும். அவளோட பொம்மைக்கும் கூடவே ஒரு குட்டி பாட்டில் வந்துச்சு, கவுத்தா உள்ள இருக்குற வெள்ளத் தண்ணி மறைஞ்சிரும், நிமித்தினா திரும்ப வந்துரும். பாப்பா பால் குடிக்கிறதுன்னா அதுதான்னு அவ முடிவு பண்ணி வச்சிருந்தா.

அன்னைலேர்ந்து எனக்கு இந்த விஷயத்துல ஒரு தெளிவு வந்துச்சு. குழந்தைங்க ப்ரோக்ராம்ல தாய்ப்பால் குடுக்குறத ஒளிக்காம காட்டணும், நம்மளும் கூட உக்காந்து பாக்கணும். காட்டாம விட்டா குழந்தை ஒண்ணும் கத்துக்கலன்னு அர்த்தம் இல்ல, பாட்டில்தான் சாதாரணம், அம்மா குடுக்குறது ஒளிக்க வேண்டியதுன்னு கத்துக்குது. நம்ம நாட்டுல பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்துருச்சு, டிவிலயும் போட முடியாது. ஆனா விளம்பரத்துல வராத அதே பாட்டில் கார்ட்டூன்ல தினமும் வருது, அத யாரும் விளம்பரமா நினைக்குறதில்ல.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? முதல்ல நல்ல சீன் எப்படி இருக்கும்னு நீங்க தனியா பாத்து வச்சுக்கோங்க. எனக்கு தெரிஞ்சு இதுக்கு ஒரு நல்ல உதாரணம்னா அமெரிக்காவுல வந்த செசமி ஸ்ட்ரீட்ங்குற குழந்தைங்க டிவி ப்ரோக்ராம்தான். 1977ல, பஃபி செயின்ட்-மேரிங்குற பாடகி அதுல தன்னோட சொந்தக் கைக்குழந்தைக்கு பால் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க, பிக் பேர்ட் வந்து என்ன பண்றீங்கன்னு கேக்கும். பிக் பேர்ட்னா எட்டடிக்கு மேல உயரமான மஞ்சப் பறவை, ஆனா மனசுக்கு ஆறு வயசுதான், அதனால அது கேக்குற கேள்வி அப்படியே நம்ம வீட்டுப் பிள்ள கேக்குற கேள்வி. இது வேடிக்கையா இருக்கேன்னு கூட சொல்லும். அவங்க கூச்சப்படவும் மாட்டாங்க, லெக்சரும் அடிக்க மாட்டாங்க, பாப்பா பால் குடிக்குது, நிறைய அம்மாங்க இப்படித்தான் குடுப்பாங்க, எல்லா அம்மாவும் இல்ல, இப்படி குடுக்கும்போது அவன கட்டிப்பிடிச்சுக்கவும் முடியுதுன்னு சாதாரணமா சொல்லிருவாங்க. பிக் பேர்டும் சரின்னு கேட்டுக்கும், மொத்தமே ஒரு நிமிஷம் அளவுதான். அதுல ஒரு இடத்துலயும் கேமரா உடம்ப தேடிப் போகாது, முகத்தையும் பாப்பாவையும்தான் பாக்கும். அத நல்லா கவனிச்சுக்கோங்க, ஏன்னா வெளிப்படையா காட்டுறதுன்னா உடம்ப காட்டுறதுன்னு நிறைய பேர் நினைச்சுதான் வேணாங்குறாங்க.

அதே ப்ரோக்ராம்ல இன்னொரு வழியும் இருக்கு. அதுல மரியாங்குற கதாபாத்திரமா நடிச்ச சோனியா மன்சானோ நிஜத்துலயே கர்ப்பமா இருந்தப்போ கதையிலயும் மரியாவுக்கு பாப்பா வர்ற மாதிரி வச்சாங்க. 1988ல மரியாவுக்கும் லூயிஸுக்கும் கல்யாணம், 1989ல கேபின்னு பொண்ணு, அப்புறம் மரியா பால் குடுக்குறதும் வந்துச்சு. கல்யாணம், வயிறு, பாப்பா, பால்னு வரிசையா பாத்த பிள்ளைங்களுக்கு அதுல அதிர்ச்சி ஆக என்ன இருக்கு, எல்லாம் ஒரே கதைதான. வீட்டுல ரெண்டாவது குழந்தை வரப்போகுதுன்னா இந்த வரிசைதான் சரி. பாப்பா வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, ஏழாவது எட்டாவது மாசத்துலயே பாக்க ஆரம்பிங்க, நான் அத பண்ணாம விட்டதாலதான் பாட்டில் எங்கன்னு கேள்வி வந்துச்சு.

யூட்யூப்ல தேடும்போது மட்டும் குழந்தைய பக்கத்துல வச்சுக்காதீங்க. இது ரொம்ப முக்கியம். தாய்ப்பால்னு தமிழ்ல அடிச்சாலும் இங்கிலீஷ்ல அடிச்சாலும் நல்ல வீடியோவுக்கு நடுவுல கேவலமான தம்ப்நெயிலும் வந்து நிக்கும். ராத்திரி அவங்க தூங்குனப்புறம் தேடி, முழுசா ஒரு தடவ பாத்து, சேவ் பண்ணி வச்சுக்கோங்க, ஆட்டோப்ளே ஆஃப் பண்ணிருங்க, கீழ கமெண்ட் தெரியாத மாதிரி ஃபுல் ஸ்க்ரீன்ல போடுங்க. முடிஞ்சா போன்ல வேணாம், டிவில போடுங்க, ஹால்ல எல்லாரும் இருக்கும்போது பாத்தா அது சாதாரண விஷயம்னு அவங்களுக்கே புரியும், போர்வைக்குள்ள போன்ல காட்டுனா என்ன சொல்லி காட்டுனாலும் ரகசியம்னுதான் பதியும்.

மொத தடவ இப்படி நேரா போட கூச்சமா இருந்தா விலங்குல இருந்து ஆரம்பிங்க. ஆட்டுக்குட்டி முட்டி முட்டி குடிக்கும், பூனைக்குட்டி வரிசையா படுத்துக் குடிக்கும், அதுக்கப்புறம் பாப்பா. மிஸ்டர் ராஜர்ஸ்னு அமெரிக்காவுல வந்த இன்னொரு குழந்தைங்க ப்ரோக்ராம்லயும் விலங்கும் அம்மாங்களும் பால் குடுக்குறத சேத்துத்தான் காட்டுனாங்க.

பாக்கும்போது நீங்க பண்ண வேண்டியது கம்மிதான். ரிமோட்ட தொடாதீங்க. முகத்த திருப்பாதீங்க. சட்டுனு “ஏய் தண்ணி குடிச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா”ன்னு பேச்ச மாத்தாதீங்க, பிள்ளைங்க ஸ்க்ரீன விட நம்ம மூஞ்சியதான் அதிகமா படிப்பாங்க. அவங்களா கேட்டா பதில் சொல்லுங்க, கேக்கலன்னா விட்ருங்க, அவங்களுக்கு அது கேக்குற அளவுக்கு பெரிய விஷயமா தெரியல, அதுவே நல்ல அறிகுறி.

கேள்விங்க பெரும்பாலும் நாலஞ்சுதான் வரும். பால் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, பாப்பா பொறந்ததும் அம்மா உடம்பே செய்யும், பாப்பா எவ்ளோ குடிக்குதோ அவ்ளோ ஊறும்னு சொல்லுங்க, அது உண்மையும் கூட. அப்பாக்கு ஏன் வரலன்னா, அப்பா உடம்பு பால் செய்யாது, ஆனா ஏப்பம் வர முதுகு தட்டுறது, தூங்க வைக்கிறதெல்லாம் அப்பா பண்ணலாம்னு சொல்லுங்க, பக்கத்துல அப்பா இருந்தா அவரையே சொல்ல வைங்க. எவ்ளோ நாள் குடிக்கும்னு கேட்டா, ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம், அப்புறம் சாதம், பருப்பு, பழத்தோட சேத்து ரெண்டு வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதுதான்.

“நானும் குடிக்கட்டுமா” இதுக்குத்தான் நிறைய அம்மாங்க பதறுவாங்க, திட்டிருவாங்க. திட்டாதீங்க. தம்பி தங்கச்சி வந்த வீட்டுல இது சர்வ சாதாரணம், அது பால் கேக்குறது இல்ல, மடியில இடம் கேக்குறது. என் பொண்ணு கேட்டப்போ நீயும் குட்டியா இருந்தப்போ இப்படித்தான் குடிச்ச, உன் கை என் தாலிக்கயித்த பிடிச்சுக்கும், விடவே மாட்டன்னு சொன்னேன். அவளுக்கு அது அவ்ளோ பிடிச்சுப்போச்சு, அப்புறம் தினமும் பால் குடுக்கும்போது பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்துட்டு “நான் எத பிடிச்சுக்குவேன் சொல்லு”ன்னு திரும்பத் திரும்ப கேப்பா.

வார்த்தை ஒரு பிரச்சனைதான். இங்கா, பாச்சின்னு வீட்டுக்கு வீடு ஒண்ணு சொல்லுவோம், சின்னதுக்கு அது போதும். நாலு வயசுக்கு மேல தாய்ப்பால்னு சொல்லுங்க, மார்புன்னு சொல்லுங்க, தயங்காம. முலைங்குற வார்த்தைய நம்ம தெருவுல கெட்ட வார்த்தை ஆக்கி வச்சிருக்கோம், ஆனா சித்திரை மாசம் சீர்காழி கோயில்ல நடக்குற விழாவுக்கு பேரே திருமுலைப்பால் உற்சவம், மூணு வயசு ஞானசம்பந்தர் அழுதப்போ அம்பாள் பால் குடுத்த கதை, போஸ்டர்ல அப்படியேதான் அடிக்குறாங்க, பாட்டிங்க அப்படியேதான் சொல்றாங்க. மாமியாரோ அம்மாவோ “பச்சப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு காட்டுற”ன்னு கேட்டா நான் சண்டை போட மாட்டேன், இந்தக் கதைய நீங்களே அவளுக்கு சொல்லுங்கன்னு சொல்லிருவேன். எங்க மாமியார் மறுத்தவங்கதான், கதை சொல்லி முடிச்சதும் தன்னோட நாலு பிள்ளைங்களையும் வயல் வரப்புல உக்காந்து பசியாத்துனத அவங்களே பேத்திகிட்ட சொன்னாங்க.

அதிகம் படிச்சவங்க ஆபாசம்னு வாதம் பண்ணா கேரளா விஷயத்த சொல்லுங்க. 2018ல கிருகலட்சுமிங்குற மலையாளப் பத்திரிகை, மொறச்சுப் பாக்காதீங்க நாங்க பாலூட்டணும்னு அட்டைப்படத்தோட வந்துச்சு, கேஸும் போட்டாங்க, கேரள ஹைகோர்ட் அதுல ஆபாசம் இல்லன்னு சொல்லிருச்சு. அந்தப் படத்துல இருந்தது மாடல், நிஜத்துல அம்மா இல்ல, அதுல எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு, ஒரு உண்மையான அம்மாவ உக்கார வச்சிருக்கலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்க, எட்டு ஒன்பது வயசு, குறிப்பா பசங்க, சிரிப்பாங்க. அதுக்கு கோபப்படாதீங்க, என்ன சிரிப்புன்னு கேளுங்க, ஸ்கூல்ல யாரோ எதையோ சொல்லி இருப்பாங்க, அத பேசித் தீர்க்க உங்களுக்கு கிடைச்ச சந்தர்ப்பம் இது. இதே வயசுல குட் டச் பேட் டச்சும் சொல்லிக் குடுத்திருப்போம், இது நம்ம தனிப்பட்ட இடம் யாரும் தொடக்கூடாதுன்னு. அப்போ பாப்பா மட்டும் ஏன்னு குழப்பம் வரலாம். தனிப்பட்ட இடம்னா அசிங்கமான இடம் இல்ல, யாருக்கு எப்போன்னு அந்த அம்மாதான் முடிவு பண்ணுவாங்க, பாப்பாவுக்கு சாப்பாடுன்னா குடுக்கலாம்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல தாய்மார்கள் பாலூட்டும் அறைன்னு போர்டு இருக்கும் பாருங்க, 2015 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க முன்னூத்தம்பது அறைக்கு மேல திறந்தாங்க, அடுத்த தடவ போகும்போது அந்த போர்ட பிள்ளைய விட்டே வாசிக்க சொல்லுங்க. அறை இருக்குறது அம்மா நிம்மதியா உக்காரத்தான், வெளிய குடுக்குறது தப்புங்குறதால இல்லன்னும் சேத்து சொல்லிருங்க.

பால் குடுக்க முடியாத அம்மாங்களப் பத்தி கண்டிப்பா பேசணும். உங்க பிள்ள நாளைக்கு பக்கத்து வீட்டுல பாட்டில பாத்துட்டு “ஆன்ட்டி நீங்க ஏன் குடுக்கல”ன்னு கேட்டா அந்த அம்மா மனசு என்ன ஆகும். எனக்கே மொதக் குழந்தைக்கு பத்து நாள் பால் சரியா வராம அழுதிருக்கேன், வந்தவங்க எல்லாம் பால் இருக்கா இருக்கான்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. அதனாலதான் அந்த செசமி ஸ்ட்ரீட் சீன்ல வர்ற “எல்லா அம்மாவும் இல்ல”ங்குற இடம் எனக்கு ரொம்பப் பெருசா தெரியுது. சில பாப்பா பாட்டில்ல குடிக்கும், சில பாப்பாவுக்கு வேற அம்மாவோட பால் ஆஸ்பத்திரில கிடைக்கும், மும்பை சயான் ஆஸ்பத்திரில 1989லயே தாய்ப்பால் வங்கி வச்சாங்க, இப்போ நம்ம ஊர்லயும் இருக்குன்னு சொல்லுங்க.

கடைசியா, தமிழ்ல குழந்தைங்களுக்கு ரைம்ஸ், கார்ட்டூன் பண்றவங்க யாராவது இத படிச்சா உங்களுக்கும் ஒரு வழி சொல்றேன். இதுக்குன்னு தனி எபிசோடு வேணாம், மெசேஜும் வேணாம். வேற ஏதோ கதை ஓடிட்டு இருக்கட்டும், பின்னாடி திண்ணையில ஒரு சித்தி முந்தானைய இழுத்து விட்டுட்டு பாப்பாவுக்கு பால் குடுத்துட்டே கதையில பேசட்டும், பாப்பாவோட ஒரு கால் வெளிய ஆடிட்டு இருக்கட்டும். ஒரு குட்டிப் பையன் ஓடி வந்து பாப்பா என்ன பண்ணுதுன்னு கேக்கட்டும், சாப்பிடுதுடா, கத்தாதன்னு சித்தி சொல்லட்டும், அவன் சத்தத்த கொறச்சுட்டு மெதுவா விளையாடப் போகட்டும். அவ்ளோதான் சீன். வரைஞ்சீங்கன்னா சொல்லுங்க, எங்க வீட்டு டிவில மொதல்ல ஓடும்.