ஏற்காட்டுச் செடி சேலம் வீட்டில் பிழைக்க: பெயர் கண்டுபிடிப்பதில் தொடங்கி வாட்டத்தைச் சரிசெய்வது வரை

கோடை விழா நேரத்தில் ஏற்காட்டில் இருந்து இறங்கும் கார்களைப் பாருங்கள். பின்சீட்டில் தொட்டிச் செடி இருக்கும். என்ன செடி என்று கேட்டால், "நர்சரியில் ஏதோ பெயர் சொன்னார்கள், மறந்துபோச்சு" என்பார்கள். ஆடி பிறப்பதற்குள் அதில் பல செடிகள் இலை பழுத்துக் கொட்டிவிடும். உடனே வரும் கேள்வி, "என்ன உரம் போடலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது என்ன செடி, எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதைத்தான். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினைக்கு விடை தானாகக் கிடைக்கும்.

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் ஒரு மணி நேரத்துக்குள் செடி ஏழெட்டு டிகிரி கூடுதல் சூட்டுக்கும், காய்ந்த காற்றுக்கும், உப்பு கலந்த போர் தண்ணீருக்கும் வந்து சேர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: படம் எடுங்கள்

பூவை மட்டும் அருகில் போய் எடுத்தால் போதாது. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் கணு என்று நான்கு படங்களாவது வேண்டும். பூவோ காயோ இருந்தால் அதையும் எடுங்கள், பூவைப் பக்கவாட்டிலும் ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

அடிப்பக்கத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் பெரணி போல வெட்டுப்பட்ட பச்சை இலை. திருப்பினால் வெள்ளி பூசியது போல மின்னும். அந்த ஒரு அடையாளம் போதும்.

படி 2: உங்கள் கண்ணால் நான்கு கேள்விகள்

செயலியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழகிவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதலில் இலை அடுக்கு. ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா? காப்பிச் செடியில் இலைகள் எதிரெதிர். இரண்டு இலைக் காம்புகளுக்கும் நடுவே, தண்டை ஒட்டி, ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். இனி உங்கள் வீட்டு வாசலில் உள்ள இட்லிப்பூச் செடியைப் பாருங்கள், அதே செதில். வேலியோரம் நிற்கும் நுணா மரத்திலும் அதே. மூன்றும் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்தின் அடையாளம் பிடிபட்டுவிட்டால், பெயர் தெரியாத புதுச் செடியைக்கூட "இது காப்பிக்குச் சொந்தம்" என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, தண்டு. உருண்டையா, சதுரமா? சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் வாசம் என்று மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் துளசிக் குடும்பம். ஆனால் அவசரப்பட வேண்டாம். சேர்வராயன் மலைச்சரிவு முழுக்கப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடிக்கும் இளந்தண்டு சதுரம்தான், இலை எதிரெதிர்தான், வாசமும் உண்டு. தண்டில் கொக்கி முள்ளும், கொத்துக் கொத்தாக நிறம் மாறும் பூவும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இந்தச் செடியைவிட நல்ல பாடம் கிடையாது.

மூன்றாவது, பால். ஒரு பழுத்த இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறதா? கையில் படாமல் பாருங்கள், கண்ணைத் தொடாதீர்கள். பால் வந்து, தண்டில் ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போட்டது போல வளையத் தழும்பும் இருந்தால் அது ஆல், அத்தி இனம். வரவேற்பறையில் வைக்கும் ரப்பர் பிளான்ட் இந்த இனம்தான். முள் உள்ள சதைத் தண்டில் பால் வந்தால் சதுரக்கள்ளி வகை. பால் வராமல், முட்கள் பஞ்சு போன்ற ஒரு புள்ளியில் இருந்து கிளம்பினால் சப்பாத்திக்கள்ளியின் உறவு. சதுரக்கள்ளி வகையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

நான்காவது, வாசம். மிளகுக் கொடி, வெற்றிலைக் கொடி, மணி பிளான்ட் மூன்றும் இதய வடிவ இலையோடு மரத்தைப் பிடித்து ஏறும். மிளகிலும் வெற்றிலையிலும் கணு வீங்கியிருக்கும், இலையைக் கசக்கினால் காரமான மணம் வரும். மணி பிளான்ட்டில் அந்த மணம் கிடையாது. பால் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கசக்கிப் பார்க்க வேண்டும்.

படி 3: செயலியிடம் கேளுங்கள், சரிபாருங்கள்

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் மூன்றும் இலவசம். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிளான்ட்நெட். நீங்கள் கொடுப்பது இலையா, பூவா, பட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியும், பல படங்களைச் சேர்த்தும் கொடுக்கலாம். லென்ஸ் வேகமானது, ஆனால் விற்பனைப் பக்கங்களில் உள்ள தவறான பெயரையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரும்.

எந்தச் செயலியும் ஒரே விடை தராது, ஒரு பட்டியல் தரும். அதில் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முதல் மூன்று பெயர்களின் படங்களைத் திறந்து, படி 2-ல் நீங்கள் பார்த்த நான்கு அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். உங்கள் செடிக்கு எதிரெதிர் இலை, செயலி சொல்லும் செடிக்கு மாறி மாறி வரும் இலை என்றால் அந்த விடை தவறு. நூற்றுக்குத் தொண்ணூறு என்று காட்டினாலும் தவறுதான்.

படி 4: விஷமா என்று பாருங்கள்

பெயர் உறுதியாகாத எதையும் வாயில் வைக்கக்கூடாது. செயலியை நம்பிக் கீரை பறிப்பது கூடவே கூடாது. டைபன்பேக்கியா, பீஸ் லில்லி, ஆந்தூரியம், மணி பிளான்ட் எல்லாம் சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தையும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் இவற்றை உயரத்தில் வையுங்கள். அரளி எல்லாருக்கும் தெரியும். மலைத் தோட்டங்களில் பெரிய குழல் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் செடி ஒன்று உண்டு, அழகு பார்த்துக் கிளை ஒடித்து வருவார்கள். அது ஊமத்தையின் நெருங்கிய உறவு, முழுச் செடியும் விஷம். குழந்தை எதையாவது மென்றுவிட்டால் வாயைக் கழுவி, அந்த இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

காட்டில் மரத்தில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டைப் பிய்த்து வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம், அதோடு செம்மண் தொட்டியில் நட்டால் வேர் அழுகிச் செத்தும் போகும். அதன் வேர் மரப்பட்டையில் காற்றாட இருந்து பழகியது. பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டிலேயே தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

படி 5: மண்ணில் விரலை விடுங்கள்

இனி வாட்டத்துக்கு வருவோம். செடி தொங்கியதும் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் எல்லாருடைய கையின் பழக்கம். ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள்.

காய்ந்திருந்தால் தாகம். ஆனால் ஒரு விஷயம்: நர்சரிச் செடிகள் பல தேங்காய் நார்க்கழிவில் வளர்ந்தவை. அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றுவது தொட்டியின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

ஈரமாக இருந்தும் செடி தொங்குகிறது என்றால், வேர் அழுகல். வீட்டுச் செடிகளை அதிகம் கொல்வது இதுதான். ஈரம் நிறைந்த மண்ணில் காற்று இல்லை, காற்றில்லாத வேர் சாகிறது, செத்த வேர் தண்ணீரை எடுக்காது, அதனால் மேலே இலை வாடுகிறது. இன்னும் ஊற்ற ஊற்ற இன்னும் சாகும். செடியைத் தொட்டியில் இருந்து உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, விரலில் வழுக்கிக்கொண்டு வரும், நாற்றமும் அடிக்கும். சுடுதண்ணீரில் கழுவிய கத்தரியால் அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறையுங்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு எடுத்து, அதோடு ஒரு கைப்பிடி செங்கல் சில்லு கலந்து நடுங்கள். தொட்டி பழைய அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கட்டும். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி மறுபடி அழுகும். தொட்டியின் அடித் துளை அடைபடவில்லை என்று பாருங்கள். நிழலில் வைத்து, புதுத் துளிர் வரும்வரை உரமே வேண்டாம்.

படி 6: எந்த இலை மஞ்சளாகிறது?

இலை மஞ்சள் ஆகிறது என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அடி இலையா, நுனி இலையா என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையில் இருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். ஆகவே அவை குறைந்தால் அடி இலைதான் முதலில் பழுக்கும். இரும்புச்சத்தை அப்படி நகர்த்த முடியாது, குறைந்தால் நுனிக் கொழுந்து வெளுக்கும்.

அடி இலை முழுதும் ஒரே சீராக மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் கரைத்து ஊற்றுங்கள். கொழுந்தில் நரம்பு பச்சை, மற்றதெல்லாம் வெளுப்பு என்றால் இரும்பு. மாதம் ஓரிரு அடி இலை பழுத்து விழுவது வயதுதான், அதற்கு மருந்து தேடாதீர்கள்.

இந்த இரும்புப் பிரச்சினையை சேலத்தில் அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. உப்பும் சுண்ணாம்புமான தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்கு மாறி, இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாமல் பூட்டிவிடுகிறது. ஏற்காட்டில் நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா கீழே வந்து ரோஸ் நிறமாகப் பூப்பதும் இதோடு சேர்ந்த விஷயம். அமில மண்ணில் அலுமினியத்தை அந்தச் செடி எடுத்துக்கொள்வதால்தான் நீலம் வருகிறது, கார மண்ணில் எடுக்க முடியாது.

படி 7: தண்ணீரை மாற்றுங்கள்

இலை நுனி பழுப்பாகக் கருகுவதும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு படிவதும் உப்பின் அடையாளம். மழை நீரைப் பிடித்து வையுங்கள், ஏசியில் சொட்டும் தண்ணீரும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. தயவுசெய்து வேண்டாம், போர் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில்தான் கூடிப்போய் வருகிறது. ஏற்கனவே படிந்த உப்பைக் கழுவ, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுதும் வடியவிடுங்கள்.

படி 8: வெயில்

கிழக்கு ஜன்னல் நல்லது. மேற்குப் பக்கம் பங்குனி, சித்திரை மதிய வெயில் இலையில் வெளுத்த திட்டுகளாகச் சுட்டுவிடும், அங்கே பச்சை நிழல்வலை கட்டுங்கள். தண்டு நீண்டு இலை சின்னதாகிக்கொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை.

படி 9: பூச்சி

புதுச் செடியை இரண்டு வாரம் மற்றவற்றில் இருந்து தள்ளி வையுங்கள். இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, மறுநாள் மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியும் சில துளி சோப்பும் கலந்து அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு ஏறினால் அதையும் தடுக்க வேண்டும், தேன் போன்ற கழிவுக்காக அது இந்தப் பூச்சியைப் பாதுகாக்கும். கோடையில் இலை மங்கி, பொடிப் புள்ளியும் மெல்லிய நூலும் தெரிந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளில் இலையைத் தட்டுங்கள், நகரும் புள்ளிகள் விழும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும்.

கடுமையான பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம். நம் மாவட்டத்து மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டதே, அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைத்தான். நமக்கு உதவும் பூச்சிகளையும் மருந்து கொன்றுவிடும்.

படி 10: அடுத்தமுறை வாங்கும்போது

"அண்ணே, இது இங்கேயே வளர்த்ததா, வெளியூர்ச் செடியா? சேலம் சூட்டுக்கு நிக்குமா?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். பெயரை எழுதி வாங்குங்கள். ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட், மணி பிளான்ட், ரப்பர் பிளான்ட் கீழே நன்றாக வரும். ஹைட்ரேஞ்சியா, பியூஷியா இரண்டும் மலைக் குளிரில் வாழ்பவை. சேலம் மாடியில் அவற்றைக் கோடை தாண்டவைப்பது மிகக் கடினம். பூவைப் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவருவது நல்லது. வாங்கிய செடியை மூடிய காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தொட்டியை மாற்றாமல், முதல் பத்து நாள் வெளிச்சமான நிழலில் வையுங்கள்.